தோளில் தொங்கும் அலுவலகம்

ஜப்பானின் பெருநகரங்களில் காலை நேர மின்சார ரயிலில் ஏறுபவர்கள் லேப்டாப் பையை மார்போடு அணைத்துக்கொண்டுதான் நிற்பார்கள். அப்படி நின்றாலும் கூட்டம் அதை நசுக்காமல் விடாது. அந்த நெரிசலை மனத்தில் வைத்தே பானசோனிக் நிறுவனம் ஒரு சோதனையை வகுத்தது. மூடிய லேப்டாப்பின் மேல் 100 கிலோ எடைக்குச் சமமான அழுத்தத்தைக் கொடுத்து, கூடவே அதை அதிரவும் வைப்பார்கள். இன்னொரு சோதனையில் மேசை உயரமான 76 செ.மீ.யிலிருந்து கீழே போடுவார்கள். இவற்றையெல்லாம் தாங்கி வெளியே வருவதுதான் 1996 முதல் விற்பனையில் இருக்கும் 'லெட்ஸ் நோட்' லேப்டாப் வரிசை. கோபே நகரத் தொழிற்சாலையில் தயாராகும் இந்த லேப்டாப், ஜப்பானில் வேலை நிமித்தம் ஊர் ஊராகப் போகிறவர்களின் கையில் சர்வசாதாரணம். ஜப்பானுக்கு வெளியே பார்ப்பது அரிது.

பார்வைக்கு அது அழகிப்போட்டியில் ஜெயிக்காது. அழுத்தத்தைத் தாங்குவதற்காக மூடியின் மேல் கார் பானெட்டில் இருப்பதுபோல மேடும் பள்ளமுமாக வரிகள் ஓடும். தடிமன் ஏறக்குறைய 2 செ.மீ. ஆனால் கையில் எடுத்தால் ஆச்சரியம் காத்திருக்கிறது: 12.4 அங்குலத் திரை கொண்ட மாடல் ஒரு கிலோகூட இல்லை. பக்கவாட்டில் லேன் கேபிள் செருகும் இடம், எச்டிஎம்ஐ, பழைய புரொஜெக்டருக்கான விஜிஏ என எல்லாம் இருக்கின்றன. பேட்டரியை யார் உதவியும் இல்லாமல் கழற்றி மாட்டலாம்.

பயணத்துக்கு லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இதற்குள்தான் இருக்கிறது. மெல்லிசு வேறு, எடைக் குறைவு வேறு. மெல்லிசு என்பது கண்ணுக்கு. எடை என்பது தோளுக்கு. கடையில் விற்பனையாளர் லேப்டாப்பைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டி 'எவ்வளவு ஸ்லிம் பாருங்க சார்' என்பார். ஆனால் விமான நிலையத்தில் கடைசி கேட் வரைக்கும் நடக்கும்போது தோள் மில்லிமீட்டரை அளப்பதில்லை.

தூக்கிச் செல்லும் கம்ப்யூட்டர் என்று 1981இல் விற்பனைக்கு வந்த ஆஸ்போர்ன்-1 பத்து கிலோவுக்கு மேல் எடை கொண்டது, பேட்டரியும் கிடையாது. அடுத்த ஆண்டே வந்த கிரிட் காம்பஸ், மெக்னீசியம் உறையோடு ஐந்து கிலோவுக்குள் இறங்கியது. திரையைக் கீபோர்டின் மேல் மடக்கி மூடும் இன்றைய வடிவத்துக்கு அதுதான் முன்னோடி. விலை 8,150 டாலர். நாசா அதை விண்வெளி ஓடத்தில் ஏற்றியது. ஐபிஎம்மின் முதல் திங்க்பேட் லேப்டாப்புகள் 1992இல் வந்தன. அவற்றுக்கு உருவம் கொடுத்த ரிச்சர்ட் சாப்பர், ஜப்பானியர்கள் சாப்பாடு எடுத்துப்போகும் பென்டோ பெட்டியைப் பார்த்து அந்தக் கறுப்புச் சதுரத்தை வடித்தார்.

இந்தக் கதையின் முக்கியமான திருப்பம் 2008இல் நடந்தது. அந்த ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஆபீஸ் கவர் ஒன்றிலிருந்து மேக்புக் ஏரை உருவி எடுத்துக் காட்டினார். அரங்கம் அதிர்ந்தது. 1.36 கிலோ எடை, 1,799 டாலர் விலை. ஆனால் யூஎஸ்பி ஒன்றே ஒன்றுதான். டிவிடி டிரைவ் இல்லை, லேன் இல்லை, பேட்டரியைப் பயனரே மாற்ற முடியாது. ஆரம்ப மாடலில் இருந்த 80 ஜிபி ஹார்டு டிஸ்க் மெதுவானது. அடுத்த மாதமே, ஐபிஎம்மிடமிருந்து திங்க்பேட் வரிசையை வாங்கியிருந்த லெனோவோ நிறுவனம் திங்க்பேட் எக்ஸ்300ஐ அறிவித்தது. அதுவும் 13.3 அங்குலம்தான். டிவிடி டிரைவ், மூன்று யூஎஸ்பி, லேன், 64 ஜிபி எஸ்எஸ்டி எல்லாவற்றையும் அடக்கியும் சுமார் ஒன்றரை கிலோவில் நின்றது. தினமும் வெவ்வேறு ஆபீஸில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு இரண்டில் எது உதவும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் உலகத்தின் நினைவில் நின்றது அந்தக் கவர்தான். அதன் பிறகு மெல்லிசுப் பந்தயம் சூடு பிடித்தது.

2011இல் இன்டெல் நிறுவனம் 'அல்ட்ராபுக்' என்ற பெயரைக் கொண்டுவந்தது. 14 அங்குலத்துக்குக் குறைவான திரை என்றால் தடிமன் 18 மில்லிமீட்டருக்குள், அதற்கு மேல் என்றால் 21க்குள் இருக்க வேண்டும் என்று அளவு போட்டது. அந்தத் துறையை வளர்க்க 30 கோடி டாலர் நிதியையும் ஒதுக்கியது. 2012இல் வந்த திங்க்பேட் எக்ஸ்1 கார்பன், கார்பன் இழை உறையோடு 14 அங்குலத் திரையை 1.36 கிலோவில் அடக்கியது. இன்று அதே வரிசை ஒரு கிலோ எல்லைக்கு வந்துவிட்டது. இதெல்லாம் உண்மையான முன்னேற்றம்.

பந்தயம் எல்லை மீறியபோது என்ன ஆனது என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2015இல் ஆப்பிள் கொண்டுவந்த 12 அங்குல மேக்புக்கின் எடை 920 கிராம், தடிமன் 13.1 மி.மீ. அந்தத் தடிமனுக்குள் அடங்குவதற்காகக் கீபோர்டில் 'பட்டர்ஃபிளை' என்ற புதிய பொறியமைப்பை வைத்தார்கள். விசையை அழுத்தினால் அது உள்ளே போவதே தெரியாது. ஒரு தூசி புகுந்தாலும் எழுத்து இரண்டு முறை விழும், அல்லது விழவே விழாது. ஆண்டுக்கு ஆண்டு திருத்தியும் புகார் ஓயவில்லை. 2018இல் இலவசப் பழுதுநீக்கத் திட்டத்தை அறிவித்தார்கள். 2019 கடைசியில் பழைய பாணி விசைகளுக்கே திரும்பத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட கூட்டு வழக்கு 2022இல் 5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. ஓரிரு மில்லிமீட்டரைச் சேமிக்கப்போய் இவ்வளவு.

ஆகவே கடைக்குப் போகும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'சார்ஜரோடு சேர்த்து எவ்வளவு எடை?' விளம்பரத்தில் போடும் எடை லேப்டாப்புக்கு மட்டும்தான். நம் நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்பில் கைப்பைக்கு அனுமதி பொதுவாக 7 கிலோ. கூடவே வரும் செங்கல் வடிவ சார்ஜர், தடித்த மூன்று பின் வயர், எச்டிஎம்ஐக்கு ஒரு டாங்கிள், லேனுக்கு இன்னொன்று, மவுஸ் எல்லாவற்றையும் தராசில் வைத்தால் ஒரு கிலோ லேப்டாப் சுலபமாக ஒன்றே முக்கால் கிலோ ஆகிவிடும். மெல்லிசுக்காகப் போர்ட்டுகளை எடுத்துவிட்டு, அவற்றைப் பையில் தனித்தனியாகச் சுமக்க வைப்பது எந்த வகையில் லாபம்? எச்டிஎம்ஐயும் ஒரு பழைய வகை யூஎஸ்பியும் உடம்போடு இருக்கும் 1.2 கிலோ லேப்டாப், அவை இல்லாத ஒரு கிலோ லேப்டாப்பைவிட நடைமுறையில் லேசானது.

சார்ஜர் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. இப்போது வரும் பெரும்பாலான பிசினஸ் லேப்டாப்புகள் டைப்-சி வழியாகவே சார்ஜ் ஆகின்றன. கேலியம் நைட்ரைடு என்ற பொருளால் செய்த சார்ஜர்களில் மின்சாரம் வீணாகிச் சூடாவது குறைவு, அதனால் உருவமும் சிறியது. 65 வாட் சார்ஜர் ஒன்றை வாங்கினால் லேப்டாப்புக்கும் போனுக்கும் அதுவே போதும். பழைய சார்ஜரை வீட்டிலேயே விட்டுவிடலாம்.

எடை எங்கே குறைகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அலுமினியத்தைவிட மெக்னீசியம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் லேசான உலோகம். 2012இல் ஜப்பானின் என்இசி நிறுவனம் மெக்னீசியத்தோடு லித்தியத்தைக் கலந்து அடித்தட்டு செய்து, 13.3 அங்குல லேப்டாப்பை 875 கிராமில் கொண்டுவந்தது. ஃபுஜிட்சு 2020இல் 634 கிராம் வரை போனது. அது வியக்கத்தக்க சாதனைதான். ஆனால் அந்த எடைக்கு இறங்க பேட்டரியையும் சிறியதாக்க வேண்டியிருந்தது. பயணத்துக்கான லேப்டாப்பில் கடைசியாகக் கைவைக்க வேண்டிய உறுப்பு பேட்டரி.

'18 மணி நேரம் நிற்கும்' என்று பெட்டியில் எழுதியிருப்பார்கள். வெளிச்சத்தைக் குறைத்துவைத்து, ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டி எடுத்த கணக்காக அது இருக்கலாம். வாங்குபவர் வேறு கணக்கு போட வேண்டும். பேட்டரியின் கொள்ளளவு வாட்-ஹவரில் எழுதப்பட்டிருக்கும். 57 வாட்-ஹவர் என்று வைத்துக்கொள்வோம். கட்டுரை தட்டும்போதும் மெயில் பார்க்கும்போதும் லேப்டாப் 6 வாட் இழுத்தால் ஒன்பதரை மணி நேரம் வரும். வீடியோ மீட்டிங்கில் கேமரா, மைக், வைஃபை எல்லாம் சேர்ந்து 14 வாட் இழுத்தால் நான்கு மணி நேரம்தான். அதே பேட்டரி, அதே லேப்டாப். இரண்டு ஆண்டுகள் ஓடிய பிறகு கொள்ளளவு 80 சதவீதமாகக் குறைந்திருந்தால் அந்த நான்கும் மூன்றேகால் ஆகும். இன்று வேலைக்குப் போதுமான பேட்டரி நாளைக்குப் போதாது. கொஞ்சம் கூடுதலாகவே வாங்க வேண்டும்.

விமானத்தில் அனுமதி வேண்டாத உச்சவரம்பு 100 வாட்-ஹவர். லேப்டாப்புகள் இதற்குள்ளேயே இருக்கும். பவர் பேங்க் விஷயத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்பது 74 வாட்-ஹவர். கைப்பையில் எடுத்துப் போகலாம், செக்-இன் லக்கேஜில் போடக் கூடாது. பேட்டரி விஷயத்தில் விமான நிறுவனங்கள் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2019இல் பேட்டரி அதிகம் சூடாகித் தீப்பிடிக்கலாம் என்று ஆப்பிள் தன் 15 அங்குல மேக்புக் ப்ரோவின் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றது. அதைத் தொடர்ந்து அமெரிக்க விமானத்துறையும் நம் நாட்டு விமானப் போக்குவரத்து இயக்ககமும் பழுது பார்க்காமல் அவற்றை விமானத்தில் எடுத்துவர வேண்டாம் என்றன.

ரயில் பயணிகளுக்கு வேறு கணக்கு. நம் ரயில் பெட்டிகளில் பலவற்றில் சார்ஜிங் பாயின்ட் 110 வோல்ட்தான். லேப்டாப் சார்ஜரில் பொடி எழுத்தில் '100 - 240 வோல்ட்' என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை. ஆனால் இரவு ஏறிக் காலையில் இறங்கும் வண்டியில் சார்ஜிங் பாயின்ட்டை நம்ப முடியாது. தீ விபத்துகளைத் தவிர்க்க இரவு 11 முதல் காலை 5 வரை அந்த இணைப்பை நிறுத்திவைக்கும் நடைமுறையை 2021இல் மேற்கு ரயில்வே கண்டிப்பாகக் கொண்டுவந்தது. காலை பத்து மணிக்கு மதுரையில் மீட்டிங் வைத்திருப்பவர் எழும்பூரில் ஏறும்போதே பேட்டரி நிறைந்திருக்க வேண்டும்.

திரை 14 அங்குலத்துக்குள் இருப்பது பயணத்துக்கு நல்லது. விமானத்தின் சாதாரண வகுப்பில் ஒரு சீட்டுக்கும் அடுத்த சீட்டுக்கும் இடையே சுமார் 28 முதல் 31 அங்குலம்தான். முன்னால் இருப்பவர் சாய்ந்தால் 15.6 அங்குலத் திரையை நிமிர்த்தி வைக்க இடமிருக்காது. திரையின் வெளிச்சம் 'நிட்' என்ற அளவில் சொல்லப்படும். 250 நிட் வீட்டுக்குப் போதும். ரயில் ஜன்னலோரம், கண்ணாடி வைத்த விமான நிலையக் கூடம் என்றால் 400 நிட்டும் பளபளப்பில்லாத திரையும் வேண்டும். கடையில் பார்க்கும்போது லேப்டாப்பை வாசல் பக்கம் திருப்பிவைத்து, கறுப்புப் பின்னணியில் ஒரு படத்தைத் திறந்து பார்க்கலாம். படத்துக்குப் பதில் சொந்த முகம் தெரிந்தால் அந்தத் திரை வேண்டாம்.

சூடு இன்னொரு பிரச்சினை. மெல்லிசான உடம்புக்குள் பெரிய ஃபேன் வைக்க இடமில்லை. அதனால் பிராசசர் சூடேறியதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கடையில் ஐந்து நிமிடம் பார்க்கும்போது பறக்கும் லேப்டாப், அரை மணி நேர வீடியோ மீட்டிங்கில் திணறுவது இதனால்தான். 2020 நவம்பரில் வந்த ஆப்பிளின் எம்1 சிப் இந்த நிலையை மாற்றியது. ஃபேனே இல்லாத மேக்புக் ஏர், நாள் முழுக்க உழைத்தது. அதைப் பார்த்து மற்றவர்களும் விழித்துக்கொண்டார்கள். 2024இல் குவால்காமின் ஸ்னாப்டிராகன் எக்ஸ் வரிசையும், இன்டெல்லின் கோர் அல்ட்ரா 200வி வரிசையும் விண்டோஸ் லேப்டாப்புகளுக்கும் அந்த மாதிரி பேட்டரி ஆயுளைக் கொடுத்தன.

ஸ்னாப்டிராகன் வாங்குபவர்கள் ஒன்றைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். அதில் ஓடுவது ஆர்ம் வகை விண்டோஸ். பழைய சாஃப்ட்வேர்களை மொழிபெயர்த்து ஓட்டிவிடும், ஆனால் டிரைவர்களை அப்படி ஓட்டாது. ஆடிட்டர்களும் கம்பெனி செக்ரட்டரிகளும் வருமான வரி, ஜிஎஸ்டி தாக்கலுக்குச் செருகும் டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன், ஆபீஸில் உள்ள பழைய பிரின்டர், வங்கியின் விபிஎன் ஆகியவற்றுக்கு ஆர்ம் டிரைவர் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்காவிட்டால், தாக்கல் செய்யும் கடைசி நாள் இரவில் ஹோட்டல் அறையில் தவிக்க நேரும். டோக்கனைக் கையோடு கடைக்கே எடுத்துப் போய்ச் செருகிப் பார்ப்பது எல்லாவற்றையும்விட நல்லது.

ரேமைப் பொறுத்தவரை இந்த வகை லேப்டாப்புகளில் இரண்டாம் வாய்ப்பு கிடையாது. பெரும்பாலும் மதர்போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். கோர் அல்ட்ரா 200வியில் பிராசசரோடு சேர்த்தே 16 அல்லது 32 ஜிபி வருகிறது. பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று 8 ஜிபி வாங்குவது வீண். 16 குறைந்தபட்சம்.

'மிலிட்டரி கிரேடு' என்ற ஸ்டிக்கரைப் பார்த்து மயங்க வேண்டாம். மில்-எஸ்டிடி-810எச் என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வகுத்த சோதனை முறைகளின் தொகுப்பு. அந்தத் துறை எந்த லேப்டாப்புக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. எந்தச் சோதனைகளை எடுப்பது, எவ்வளவு கடுமையாக எடுப்பது என்று நிறுவனமே தேர்ந்தெடுக்கும். எத்தனை செ.மீ. உயரத்திலிருந்து எதன் மேல் விழுந்தது என்று எழுதியிருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும். லெட்ஸ் நோட் அந்த அளவைச் சொல்கிறது. ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியவை சொல்வதில்லை. கடையில் செய்யக்கூடிய எளிய சோதனையும் உண்டு. திறந்த லேப்டாப்பின் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினால் உடம்பு முறுகுகிறதா, மூடியின் நடுவில் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினால் திரையில் அலை ஓடுகிறதா என்று பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

பட்ஜெட் இடிக்கிறவர்களுக்குப் பழைய பிசினஸ் லேப்டாப்புகள் நல்ல வழி. பெரிய நிறுவனங்கள் மூன்று நான்கு ஆண்டுகளில் கழித்துவிடும் திங்க்பேட், லாட்டிடியூட், எலைட்புக் வகைகள் சென்னை ரிச்சி தெருவுக்கு வந்து சேர்கின்றன. அங்கே பேரம் பேசுவதற்கு முன் விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்துப் பார்க்க வேண்டும். தயாரித்தபோதிருந்த கொள்ளளவு ஒரு வரியில், இன்றைய கொள்ளளவு அடுத்த வரியில் வரும். முதல் எண் 57,000, இரண்டாவது 38,000 என்றால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. புது பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டுதான் பேச வேண்டும். விண்டோஸ் 11 ஏற்கும் பிராசசரா என்பதும் முக்கியம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது.

புதிது வாங்குபவர்கள் சில ஆயிரம் கூடுதலாகச் செலவழிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் அது ஆன்சைட் வாரண்டி. ஒரே பிராண்டில் வீட்டு உபயோக வரிசைக்கும் பிசினஸ் வரிசைக்கும் உள்ள பெரிய வித்தியாசமே இதுதான். ரிப்பேர் செய்பவர் இருக்கும் இடத்துக்கே வருவார். போகும் ஊர்களில் அந்தச் சேவை உண்டா, வெளிநாட்டில் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

எல்லாம் பார்த்து வாங்கிய பிறகும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. 2006 மே மாதம் அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை ஊழியர் ஒருவரின் வீட்டில் லேப்டாப்பும் ஒரு ஹார்டு டிஸ்க்கும் திருடு போயின. அவற்றில் 2 கோடியே 65 லட்சம் பேரின் விவரங்கள் இருந்தன, பூட்டப்படாமல். பொருள் சில வாரங்களில் கிடைத்துவிட்டது. ஆனாலும் பாதிக்கப்பட்டவர்கள் தொடுத்த வழக்கை முடிக்க 2009இல் அந்தத் துறை 2 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. இன்றைய விண்டோஸிலும் மேக்கிலும் டிஸ்க்கை முழுதாகப் பூட்டும் வசதி உள்ளேயே இருக்கிறது. தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. அடுத்த பயணத்துக்கு முன் செட்டிங்ஸைத் திறந்து அது ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். மீட்புச் சாவி எண்ணை ஒரு தாளில் எழுதி, லேப்டாப் பையில் அல்லாமல் வீட்டில் வையுங்கள்.